ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை

தவமணி அக்கா, இந்த வாரம் நான் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது.

உன் சாவு வீட்டில் நான் என்ன செய்தேன் என்று எழுதப்போகிறேன். மூன்று வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உன்னைப் பற்றி நல்லதாகவே எழுதிவிட்டேன். கொழுந்துக்கூடைக்குள் என்னை உட்காரவைத்துச் சுமந்தது, பள்ளிக்கூடச் சப்பாத்தை எனக்குக் கொடுத்துவிட்டு நீ வெறுங்காலோடு போனது. அதைப் படித்தவர்கள் என்னைப் பாசமான தங்கச்சி என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கிறது. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

போனுக்குள் ஒரு சாவு வீடு

அன்றைக்குக் காலை ஏழு மணி இருக்கும். மார்கழி மழை விடாமல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பூனாகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், வரிசையாகப் பத்துக் காம்பிரா, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பத்துக் காம்பிராச் சனமும் எங்கள் ஒரே காம்பிராவுக்குள் நெருக்கி உட்கார்ந்திருந்தது. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகவேண்டியவர்கள்கூடப் போகவில்லை. ஈரக் கம்பளி வாசம். யாரோ ஒரு பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது.

அரிசி டின் மேல் போனைச் சாத்தி வைத்திருந்தோம். போனுக்குள் அக்கா பெட்டியில் படுத்திருந்தாள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா அயர்லாந்தில் வேலை செய்தாள். அந்த நாட்டின் மேற்குப் பக்கம், கடல் தெரிகிற ஒரு பண்ணை வீட்டில், மைக்கல் என்ற வயதானவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை. நாலு வருடம் அந்த வீட்டிலேயே இருந்தாள். ஒரு நாள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வயது முப்பத்தொன்று.

அங்கேயே எரித்து, சாம்பலை அனுப்புவது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைப் பண்ணை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்து இரண்டு இரவு வைத்திருந்தார்கள். மைக்கலின் மகள் நோரா எங்களை வீடியோவில் கூப்பிட்டது இரண்டாவது இரவு. அவர்களுக்கு நடுச்சாமம் தாண்டி ஒன்றரை. எங்களுக்கு விடிந்து ஏழு.

அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"முந்தானைய எந்தத் தோள்ல போட்டிருக்காங்க பாரு. வலது தோள்ல. எம் புள்ளைக்கு ஒழுங்காச் சேல கட்டிவிடக்கூட அங்க ஒருத்தி இல்ல."

நோரா போனை மெதுவாகத் திருப்பி அறையைக் காட்டினாள். அறை நிறைய ஆட்கள். கிழவர்கள், பொம்பிளைகள், சேற்றுச் சப்பாத்தோடு ஒருத்தர். எல்லோர் கையிலும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. ஒரு பொம்பிளை மடியில் தட்டு. தட்டில் உருளைக்கிழங்கு. யாரோ ஏதோ சொன்னார்கள். அறை முழுக்கச் சிரித்தது. சின்னச் சிரிப்பு இல்லை. ஒருத்தர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அக்காவின் தலைமாட்டுக்கும் அவருக்கும் ரெண்டு முழம்கூட இருக்காது.

எங்கள் பக்கம் பொணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்துக் காம்பிராவில் போட்டுக் கொடுக்கிற வெறும் தேத்தண்ணியைக்கூட வெளியில் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று, திரும்பிக்கொண்டு குடிப்போம். பொணத்துக்கு முன்னால் வாயை அசைப்பவனை மனிசன் என்று சொல்லமாட்டோம்.

"ஏய், அங்க பாரு!" என்று கத்தினார் முத்தையா மாமா. அம்மாவின் அண்ணன். "பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து கெழங்கு திங்கிறாளே!"

"கலியாண வீடுன்னு நெனச்சுட்டாங்களோ என்னமோ," என்றாள் பக்கத்துக் காம்பிரா தைலம்மா.

"நெனப்பாங்கதான். செத்தது கூலிக்காரிதானே. அவங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்புடிச் சிரிப்பாங்களா?" என்றார் மாமா.

அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "நிப்பாட்டுடி. எனக்குப் பாக்கச் சக்தியில்ல. நிப்பாட்டு."

நான் போனைக் கையில் எடுத்தேன். நோரா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செல்வி, கொஞ்சம் இரு" என்று இங்கிலீசில் சொன்னாள். அவளுக்குப் பின்னால் மைக்கல் தடியை ஊன்றி எழுந்து, அக்கா பக்கத்தில் இருந்த ஒரு வெறும் நாற்காலியைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அது என்ன என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எல்ல டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுசில் படுக்கைத் துணி துவைக்கிற வேலை. என் இங்கிலீசு அங்கே பொறுக்கியது. அதை வைத்து, "என் அக்கா உங்களுக்கு வேடிக்கையா? உங்களுக்கு வெக்கமில்லையா?" என்று கேட்டேன். கூடவே குடித்துவிட்டு வரும் வெள்ளைக்காரப் பயல்களிடம் கேட்டுப் பழகிய ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. நோராவின் முகம் சிவந்து போனதைப் பார்த்தேன். போனை அணைத்தேன். அவள் இனிமேல் கூப்பிடவே முடியாதபடி நம்பரையும் தடுத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்துக்கு அது சுகமாக இருந்தது. அழுவதைவிடத் திட்டுவது லேசு.

யாரும் உட்காராத சாவு

அம்மா ஏன் அப்படி உடைந்து போனாள் என்று சொல்லவேண்டும்.

அம்மாவுக்கு ஒரு தங்கச்சி. மீரியபெத்தயில் கட்டிக்கொடுத்த சின்னம்மா. மலை சரிந்து லயத்தை மூடிய அந்தக் காலையில் சின்னம்மா உள்ளே இருந்தாள். நாள்கணக்கில் தோண்டினார்கள். சின்னம்மா கிடைக்கவில்லை. நான் அப்போது சின்னப் பிள்ளை. அம்மா மண் மேட்டுக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தது ஞாபகம். ஆமிக்காரர்கள் எழுந்து போகச் சொல்லச் சொல்ல, "எங்க இருக்கான்னு தெரிஞ்சா அது பக்கத்துல போய் உக்காருவேன். எங்கன்னு சொல்லுங்க" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் சனத்துக்குப் பொணத்தைத் தனியாக விடுவது ஆகாது. தலைமாட்டில் விளக்கு, பக்கத்தில் ஆள். ஒரு நிமிசம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. சின்னம்மாவுக்கு ஒரு நிமிசம்கூட யாரும் உட்காரவில்லை.

அக்கா செத்த செய்தி வந்ததும், எப்படிச் செத்தாள் என்று அம்மா கேட்கவில்லை. "பக்கத்துல யாரு இருக்கா?" என்றுதான் கேட்டாள்.

அதற்குப் பதில்தான் அந்த வீடியோவில் வருமென்று காத்திருந்தோம். வந்தது சிரிப்பும் கிழங்கும்.

புல்லுக்குக் கீழே பாத்தி

அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டு மணிக்குக் குரல் அனுப்புவாள். எழுதமாட்டாள், பேசித்தான் அனுப்புவாள். பின்னால் மழை கேட்கும்.

"செல்வி, இங்க நம்ம ஊரு மாதிரியேதான்டி. மழ, பனி மிஸ்டு, சகதி. தேயிலதான் இல்ல. ஆனா நாளைக்கு எட்டுத் தரம் தேத்தண்ணி குடிக்கிறாங்க."

கிழவரை அவள் ஐயா என்றுதான் சொல்வாள். ஐயாவுக்கு ஒரு பழைய பாஷை இருந்ததாம். இங்கிலீசு இல்லை, அந்த ஊரின் சொந்தப் பாஷை. பிள்ளைகள் பேசுவதில்லையாம். ஐயா அதைச் சாமி கும்பிடும்போதும் நாயை அதட்டும்போதும் மட்டும் பேசுவார். அக்கா நாயோடு சேர்ந்து அதில் கொஞ்சம் பழகிக்கொண்டாள்.

ஒரு தடவை அவள் அனுப்பிய கதை எனக்கு அப்படியே மனதில் இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மலைச்சரிவு. முழுக்கப் புல். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அந்தப் புல்லுக்குக் கீழே வரிவரியாகத் தெரியுமாம். வெலிமடையில் உருளைக்கிழங்குப் பாத்தி கட்டியிருப்பார்களே, அதே மாதிரி. யாருடைய தோட்டம், ஏன் ஒன்றும் நடவில்லை என்று அக்கா ஐயாவிடம் கேட்டிருக்கிறாள்.

ஐயா சொன்னாராம், அது ரொம்பப் பழைய காலத்துப் பாத்தி. அந்தச் சனத்துக்குக் கிழங்குதான் சோறு. ஒரு வருடம் கிழங்குச் செடிக்கு நோய் வந்து, மண்ணுக்குள்ளேயே எல்லாம் கறுத்து அழுகிப்போனது. அடுத்த வருடமும் அப்படியே. தானியம் விளைந்தது, ஆனால் அது சீமான்களுக்கும் கப்பலுக்கும் போனது. பாத்தி கட்டினவர்கள் பாதை ஓரத்தில் செத்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் கப்பல் ஏறினார்கள். அதற்கப்புறம் அந்தப் பாத்தியை யாரும் தோண்டவில்லை. புல் முளைத்துவிட்டது.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. "எங்க ஆளுகளும் அந்தக் காலத்துலதான் ஐயா வந்தாங்க. பஞ்சம். தோணியில வந்து, மன்னாருல எறங்கி, காட்டு வழியா நடந்தே மலைக்கு வந்தாங்க. விழுந்தவங்கள விழுந்த எடத்துலயே விட்டுட்டு வந்தாங்க" என்றாளாம்.

ஐயா ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். "விழுந்தவங்க பக்கத்துல யாரு உக்காந்தா?"

அக்கா அந்தக் குரலில் மெல்லச் சொன்னாள். "அம்மா மாதிரியே கேக்குறாருடி. நான் சின்னம்மா கதையச் சொன்னேன். ஐயா தொப்பியக் கழட்டிட்டாரு."

அந்தக் கதையை அப்போது சும்மா கேட்டுவிட்டு, துவைத்த துணி காயப்போடப் போய்விட்டேன்.

அலமாரி மேல் ஒரு பெட்டி

அக்காவின் சாம்பல் வந்தது. ஆற்றில் கரைத்தோம். சித்திரை வந்தது, போனது.

நான் எல்லயில் வெள்ளைப் படுக்கைத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டே இருந்தேன். காற்றில் துணி அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வரும். போனைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும், அதற்காகவே சனிக்கிழமையே சார்ஜ் போட்டு வைப்பேன். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு நாள் தங்க வந்தவர் ஒருத்தர், எந்த நாடு என்று நான் கேட்காமலே, அயர்லாந்து என்றார். கையில் இருந்த துவாய்களை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு அவர் அறைக்கு விரிப்பு மாற்றவில்லை. பாவம், அவர் என்ன செய்தார்?

அந்த வருட நடுவில் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் பெயர் நோரா. அம்மா அதைத் தொடவிடவில்லை.

"அவ அனுப்புன சாமான் நமக்கு எதுக்கு? அங்க வையி."

அலமாரி மேல் வைத்தோம். கரப்பான் பூச்சி அதன் மேல் ஓடும். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது.

அக்காவின் முதல் திதி நெருங்கியது. கண்ணாடி போட்ட படம் ஒன்று வேண்டும். எங்களிடம் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான். அதில் அக்கா அக்கா மாதிரியே இல்லை. பெட்டியில் நல்ல படம் இருக்கலாம் என்று, அம்மா கொழுந்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பிரித்தேன்.

மேலே அவள் சால்வை. அதில் இன்னும் அவள் வாசம் இருந்தது, தேங்காயெண்ணெயும் ஏதோ புகையும். குங்குமச் சிமிழ். முருகன் படம். ஐயாவோடு அவள் நிற்கிற ஒரு போட்டோ, இரண்டு பேரும் எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். அதற்கடியில் ஒரு கொப்பி. சாவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருத்தரும் பெயர் எழுதி, அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்கள். எண்ணவில்லை, ஆனால் கொப்பி நிறைந்திருந்தது. ஆள் செத்தால் எங்கள் லயத்தில் வருவதைவிட நிறையப் பேர்.

நோராவின் கடிதம் கொட்டை எழுத்தில், எனக்குப் புரியவேண்டும் என்று சின்னச் சின்ன வசனமாக இருந்தது. வெட்ட வெளியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"எங்கள் ஊரில் இறந்தவரைத் தனியே விடமாட்டோம். எல்லோரும் வருவோம். தேத்தண்ணி குடிப்போம், சாப்பிடுவோம். இறந்தவரைப் பற்றிக் கதை சொல்வோம். நல்ல மனுசி என்றால் நிறையச் சிரிப்போம். சிரிப்பு வராத சாவு வீட்டைப் பார்த்தால் எங்களுக்குப் பாவமாக இருக்கும். இதை நான் முன்னாடியே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தப்பு என்னுடையது."

எதற்குச் சிரித்தார்கள் என்றும் எழுதியிருந்தாள். அக்கா போன முதல் வாரம் நம் ஊர் மாதிரி கிழங்கு பிரட்டி, கொச்சிக்காய்த் தூளை அள்ளிப் போட்டுவிட்டாளாம். ஐயா கண்ணில் தண்ணீர் ஊற்றச் சாப்பிட்டு, ஒரு குவளை பாலைக் குடித்துவிட்டு, மறுநாள் மேசையைத் தட்டி, "அந்த நெருப்பக் கொண்டா" என்றாராம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே வரும். அவர்கள் சர்ச் ஃபாதர் ஒரு நாள் வாய் நிறைய அள்ளிப் போட்டுவிட்டு, வெளியே ஓடி, கூரைத் தண்ணீர் ஒழுகும் குழாய்க்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு நின்றாராம். நாங்கள் போனில் பார்த்தபோது சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கதைதான். தட்டில் இருந்தது அக்காவின் கிழங்குதான். அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, நோராவே சமைத்தது.

சேலையைப் பற்றியும் இருந்தது. போனில் ஒரு வீடியோவை மூன்று தரம் போட்டுப் பார்த்து, அதில் இருந்த பெண்ணுக்கு எதிரே நின்று, அவள் செய்கிற மாதிரியே செய்தாளாம். எதிரே நின்றால் இடது வலதாகத்தானே போகும்.

வெட்டி எழுதிய பெயர்

பெட்டியின் அடியில் ஒரு காகிதம் நாலாக மடித்திருந்தது. கலண்டர் தாளின் பின்பக்கம். மேல் மூலையில் ஒட்டுப் பசை. எங்கோ சுவரில் ஒட்டி வைத்திருந்தது.

அதில் நேரம், நேரத்துக்குப் பக்கத்தில் பெயர். பெரட்டில் யார் எந்த மலைக்கு என்று பேர் போடுவார்களே, அப்படி. இரண்டு இரவும் ஒரு மணிநேரமும் விடாமல் யார் யார் அக்கா பக்கத்தில் உட்காரவேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரியாத ஊர், தெரியாத பெயர்கள். விடியாத நாலு மணிக்குக்கூட ஆள்.

இரண்டாவது இரவு, ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை. அங்கே இங்கிலீசு எழுத்தில் என் பெயர். செல்வி. எழுத்து ஒன்று தப்பு. பக்கத்தில், தங்கச்சி, போனில், என்று.

விரல் மடித்துக் கணக்குப் பார்த்தேன். அவர்களுக்கு ஒன்றரை என்றால் எங்களுக்கு ஏழு. நான் போனை அணைத்த ஏழு.

ஐயா தடியால் காட்டிக் காட்டிச் சொன்ன நாற்காலி எனக்குப் போட்டது. போனை அதில் வைத்து, ஒரு மணிநேரம் நானும் அம்மாவும் அக்காவோடு தனியாக இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

என் பெயரின் மேல் ஒரு கோடு. கோட்டுக்கு மேல் வேறு பேனாவில், கை நடுங்கிய எழுத்தில், மைக்கல்.

நான் எழுந்து போன நேரத்தில் அந்தக் கிழவர் உட்கார்ந்திருக்கிறார். எண்பது தாண்டிய மனிசர், நோயாளி, நடுச்சாமத்தில்.

அம்மா கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து, திறந்த பெட்டியைப் பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோராவின் கடிதத்தைச் சொல்லிவிட்டு, தாளை வாசித்துக் காட்டினேன். முதலிலிருந்து, ஒவ்வொரு நேரமும், ஒவ்வொரு பெயரும். அந்தப் பெயர்கள் என் வாயில் வரவில்லை. அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

"மூணு மணிக்கு?"

"யாரோ பிரிஜட்னு போட்டிருக்கும்மா."

"நாலு மணிக்கு?"

"ரெண்டு பேரு. புருசன் பொஞ்சாதி போல."

"எடையில எங்கயாச்சும் விட்டிருக்கா?"

"இல்லம்மா. விடல."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போனாள். பிறகு அதை மடித்து மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

"அந்தப் புள்ளைய என்னமோ ஏசுனியே, அன்னைக்கு?" என்றாள்.

"ஆமாம்மா."

"பேசிரு."

இரண்டு நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் நம்பரைத் திறந்து, நான் செல்வி, என்னை மன்னியுங்கள், என்று மட்டும் போட்டேன். ஒரு நிமிசத்தில் நோராவே கூப்பிட்டாள். நான் பேச ஆரம்பிக்குமுன்னே அழுதேன். அவளும் அழுதாள். ஐயாவுக்கு முடியவில்லை, படுக்கையில் இருக்கிறார் என்று சொல்லி, போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். ரொம்ப மெலிந்து போயிருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது கேட்டதோ என்னமோ. அவர் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டார். "அன்றைக்குப் போனை வைத்த பிறகு, உங்கள் அம்மா பக்கத்தில் யார் உட்கார்ந்தது?"

"லயமே உட்கார்ந்தது ஐயா. பத்துக் காம்பிராவும்" என்றேன்.

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதே நாற்காலி

ஒன்பதாம் நாள் நோராவிடமிருந்து செய்தி. ஐயா போய்விட்டார். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம், உயிர் போகட்டும் என்று, என எழுதியிருந்தாள். அவர்கள் வழக்கமாம்.

நான் உடனே கேட்டேன். "பேர் எழுதுகிற தாளில் எனக்கு ஒரு மணிநேரம் தருவீர்களா? இரண்டாவது இரவு, ஒன்றரையிலிருந்து இரண்டரை."

அவள் தாளைப் படமெடுத்து அனுப்பினாள். இந்தத் தடவை என் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தாள்.

அது ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேலை இல்லை. காலை ஏழு மணிக்கு அரிசி டின் மேல் போனைச் சாத்தினேன். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். தைலம்மா வந்தாள். மாமா வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் தயங்கினார்.

"என்ன மாமா, உள்ள வாங்க."

"நான் அன்னைக்கு வாய வச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம். அந்தாளு மூஞ்சியில நான் எப்புடி முழிக்க?"

"அவரு கண்ண மூடிட்டாரு, நீங்க முழிச்சா என்ன, வாங்க," என்றாள் தைலம்மா.

அங்கே நோரா போனை நாற்காலியில் வைத்தாள். அதே வெறும் நாற்காலி. பக்கத்தில் ஐயா, கறுப்புக் கோட்டு போட்டு, கையில் ஜெபமாலை சுற்றி. அறையில் இருந்தவர்கள் எங்களுக்கு வழிவிட்டு, சுவர் ஓரமாகத் தள்ளிப் போனார்கள்.

இங்கே மழை, அங்கேயும் மழை. பிறகு அம்மா திடீரென்று குரலெடுத்தாள். சின்னம்மாவுக்கு அழாத ஒப்பாரி, அக்காவுக்கு அழாத ஒப்பாரி.

"கடல் தாண்டிப் போன புள்ளைக்குக்
காவலா இருந்த மகராசா,
கண்ணு மூடிப் போற வழியில
கைவெளக்கோட அவ நிப்பா..."

இன்னும் நிறையப் பாடினாள். நடுவில் சின்னம்மாவின் பெயரும் வந்தது. அங்கே எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மா முடித்ததும் ஒரு கிழவி போனுக்குக் கிட்ட வந்தாள். நோரா எனக்கு மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவர்கள் ஊரிலும் முன்காலத்தில் பொம்பிளைகள் இப்படித்தான் பொணத்தின் மேல் விழுந்து பாட்டுக் கட்டி அழுவார்களாம். சர்ச்சில் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அது நின்றுபோய்விட்டதாம். "என் பாட்டி சொல்லித்தான் தெரியும். இன்றைக்குத்தான் காதால் கேட்டேன்" என்றாளாம்.

அம்மாவுக்கு நான் சொன்னேன். அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "செல்வி, தேத்தண்ணி ஊத்து" என்றாள்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"என்ன பாக்குற? ஊத்துடி. அவங்க மொறைப்படி இருக்க வேணாமா?"

ஊற்றினேன். அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஐயாவைப் பார்த்தபடியே ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் சேலையில் சிந்தியது. பிறகு கேட்டாள்.

"அந்த ஃபாதரு நெசமாவே பீலிக்குக் கீழ வாய வச்சாராமா? கேளு."

கேட்டேன். ஃபாதர் அந்த அறையில்தான் இருந்தார். பருத்த மனிசர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தலையை அண்ணாந்து வாயைத் திறந்து, மழைக்கு நின்ற மாதிரியே நின்று காட்டினார். அங்கே சிரித்தார்கள். இங்கே தைலம்மா சிரித்தாள், மாமா சிரித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

இரண்டரை ஆனதும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தர் வந்து வாசலில் நின்றார். அடுத்த பெயர் அவருடையது. நாற்காலியில் இருந்த போனைப் பார்த்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. அவர் இன்னொரு நாற்காலியை இழுத்து எங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அக்கா, உன் பக்கத்தில் நான் உட்காராத ஒரு மணிநேரத்தை இனி எங்கே போய் உட்கார்ந்தாலும் திரும்ப எடுக்க முடியாது. அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி இப்போதும் சும்மாதான் வந்து போகிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவர்களோ, எப்படிக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. என் அக்கா தவமணிக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். மைக்கல் ஐயாவுக்கும், மண்ணுக்குள் இருக்கும் எங்கள் சின்னம்மாவுக்கும் சேர்த்து. போகிற போக்கில் வேண்டாம். ஒரு நிமிசம் உட்கார்ந்து.